ஏட்டை நூலாக்கிய பெருந்தகை: இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை

தோற்றுவாய்

நூலாசிரியன் ஒருவன் தன் உள்ளத்தில் எழுந்ததை எழுதி முடித்துவிட்டால் நூல் பிறந்துவிட்டது என்று உலகத்தார் எண்ணுவர். உண்மை அஃதன்று. எழுதிய ஏட்டைக் கற்றவர் ஒருவர் ஆராய்தல் வேண்டும். அச்சுக்கூடத்தார் அதனை ஏற்றல் வேண்டும். காகிதத்துக்கும் கூலிக்கும் பொருள் வேண்டும். எழுத்தெழுத்தாகப் பிழை களைதல் வேண்டும். ஈற்றில் அதனை வாங்கிப் படிப்பார் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் ஏடு ஏடாகவே கிடந்து செல்லுக்கு இரையாகும். இந்த நெடுவழியைத் தம் இளமை தொட்டு நரை முதிரும் வரை நடந்து, அழியுந் தறுவாயிலிருந்த பழந்தமிழ் நூல்கள் பலவற்றை அச்சிலேற்றித் தந்தவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே தோன்றிய இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள்.

கல்லூரியின் விழா மலரிலே இப்பெரியாரின் வரலாற்றை எழுதுதற்குக் காரணம் உண்டு. அவர் தம்முடைய வாழ்க்கையை ஓர் ஆசிரியராகத் தொடங்கியவர், கல்வியினாலேயே உயர்ந்தவர், உயர்ந்தபின் தாம் பெற்றதைக் கல்விக்கே திருப்பிக் கொடுத்தவர். அன்றியும், வன்னி நிலத்து மக்களாகிய நமக்கு ஏட்டையும் புத்தகத்தையும் இழத்தல் இன்னதென்று நன்கு தெரியும். ஆதலின், இழக்கவிருந்தவற்றைக் காத்த ஒருவரின் வரலாறு நமக்குப் பிறரினும் பார்க்க அணுக்கமானது.

பிறப்பும் கல்வியும்

பிள்ளையவர்கள் 1832 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12 ஆம் நாள் சிறுப்பிட்டியிலே வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவிக்கும் மைந்தராய்ப் பிறந்தார். இளமையில் தமிழிலக்கண இலக்கியங்களை முத்துக்குமாரக் கவிராயரிடத்துக் கற்றார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலே ஆங்கிலக் கல்வியைப் பரப்பிய அமெரிக்க மிஷனார் 1823 இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, ஆங்கிலத்தையும் கணிதத்தையும் வானசாத்திரத்தையும் தமிழோடு ஒருங்கே கற்பித்த உயர்கலைக்கூடமாக விளங்கியது. பன்னிரண்டு வயதில் அங்கே புகுந்த பிள்ளையவர்கள் எட்டாண்டு கற்று 1852 இல் வெளியேறினார்.

வெளியேறியதும் அவர் ஏற்ற தொழில், கோப்பாய்ப் போதனா வித்தியாசாலையிலே ஆசிரியத் தொழில். ஆசிரியராக வரவிருப்போர்க்குக் கற்பிக்கும் பொறுப்பு இருபது வயது இளைஞர் ஒருவருக்கு வாய்த்ததெனின், அவரது புலமையைக் குறித்து வேறு கூறல் வேண்டா. அந்த இளமைப் பருவத்திலேயே குமரகுருபர சுவாமிகள் அருளிய நீதிநெறிவிளக்கத்தை உரையோடு பதிப்பித்து வெளியிட்டார். பிற்காலத்தில் அவர் ஆற்றிய பெரும் பணிக்கு இச்சிறு நூலே முதலடி எனலாம்.

சென்னை வாழ்வு

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் ஊழியஞ் செய்து பின்னர்ச் சென்னைக்குப் பெயர்ந்திருந்த பேர்சிவல் பாதிரியார் அங்கே தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடாத்தி வந்தார். நாவலரவர்களோடிருந்து விவிலிய நூலைத் தமிழ்ப்படுத்திய பேர்சிவல் இவரே. பிள்ளையவர்களின் தமிழறிவை அறிந்த பாதிரியார் அவரைச் சென்னைக்கு அழைத்துப் பத்திரிகைப் பொறுப்பை அவர் கையிற் கொடுத்தார். எழுத்துக் கோப்பதும், படி திருத்துவதும், குறித்த நாளில் இதழ் வெளிவரச் செய்வதுமாகிய அச்சுத் தொழிலின் நெளிவு சுளிவுகளைப் பிள்ளையவர்கள் பழகிக்கொண்டது இப்பத்திரிகையினாலே என்க. பத்திரிகைப் பணியோடு இராசதானிக் கல்லூரியிலே தமிழ் கற்பிக்கும் பணியும், கள்ளிக்கோட்டை அரசினர் பாடசாலையிலே ஆசிரியப் பணியும் அவருக்கு அக்காலத்தில் வாய்த்தன.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் நிறுவப்பெற்றது. அதன் முதற் பீ. ஏ. பரீட்சையிலே தேறிய இருவரும் யாழ்ப்பாணத்தவர். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் நம் பிள்ளையவர்கள். தென்னாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் முதற் பட்டதாரிகள் என்னும் பெருமை ஈழத்தார் இருவருக்குக் கிடைத்ததை நம் மாணவர் நினைவிற் கொள்ளல் வேண்டும். அதன்பின் அரசாங்கக் கணக்குப் பகுதியிலே உத்தியோகம் ஏற்று உயர்ந்த பதவியை அடைந்த பிள்ளையவர்கள், உத்தியோகத்திலிருந்தபடியே சட்டமும் கற்று 1871 இல் பீ. எல். பட்டமும் பெற்றார்.

பதவியும் பட்டமும் பெற்ற அக்காலத்து ஆங்கிலங் கற்றாருட் பலர் தமிழைத் திரும்பிப் பாராதிருந்தனர். கந்தோரிற் கணக்கு, வீட்டிலே ஏடு என்று பிள்ளையவர்கள் இரட்டை வாழ்வு வாழ்ந்தார். பகற்பொழுதெல்லாம் அரசாங்கத்தின் வரவு செலவைச் சோதித்தவர், இரவிலே விளக்கொளியில் ஏட்டின் எழுத்தைச் சோதித்தார்.

ஏட்டினின்று அச்சுக்கு

ஏட்டை அச்சிடுதல் எத்துணை அரியதென்பதை இக்காலத்து மாணவர் உணர்தல் எளிதன்று. ஆதலின் அதனைச் சிறிது விரித்துக் கூறுவாம்.

பனையோலை சிலகாலமே வாழும். நூறு இருநூறு ஆண்டில் அஃது உளுத்துவிடும். செல்லும் பூச்சியும் அரிக்கும். புகையும் ஈரமும் கெடுக்கும். அழியுமுன் புதிய ஓலையிலே பெயர்த்தெழுதி வைத்தால் நூல் வாழும். பெயர்த்தெழுதுவார் இல்லையேல் ஓலையோடு நூலும் மாயும். பெயர்த்தெழுதுவாருள்ளும் கற்றார் சிலர். கூலிக்கு எழுதுவார் பலர். ஒவ்வொரு முறை பெயர்த்தெழுதும்போதும் புதுப்பிழைகள் புகும்.

ஓலையிலே எழுத்தாணியால் எழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. வீரமாமுனிவர் காலத்துக்குப் பின்னரே அவ்வேறுபாடு பரவியது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. செய்யுளும் உரையும் உரையில் வரும் மேற்கோளும் ஒரே தொடராக ஓடும். ஆகவே ஏடு படிப்பவன், எழுத்தை மட்டும் அறிந்தால் போதாது; இலக்கணத்தையும் யாப்பையும் பொருளையும் அறிந்திருந்தாலன்றி ஒரு வரியையும் சரிவரப் பிரித்தல் இயலாது. ஓர் ஏட்டிலே சிதைந்த இடத்தை மற்றோர் ஏட்டைக்கொண்டே நிரப்ப வேண்டும். அவ்வேடு வேறோர் ஊரிலே, வேறொருவர் வீட்டுப் பரணிலே, கட்டவிழாமற் கிடக்கும். கேட்டவுடன் கொடுப்பாருமுளர், கொடாது பூசையில் வைத்திருப்பாருமுளர்.

இவ்வாறு பல ஏடுகளையும் ஒப்புநோக்கிக் காகிதத்திலே நல்ல படி எழுதியபின்னரே அச்சுக்கூடத்தின் வாயிலை மிதிக்கலாம். அங்கே எழுத்துக் கோப்பவர் ஒவ்வோர் ஈய எழுத்தாக எடுத்து வரிசைப்படுத்துவார். ஒரு பாரம் கோத்ததும் சரிபார்க்கும் படி ஒன்று அச்சிட்டுப் பதிப்பாசிரியரிடம் வரும். அச்சுக்கூடத்தில் எழுத்துக்கள் அளவாகவே இருக்கும். இந்தப் பாரம் அச்சாகிக் கலைந்தாலன்றி அடுத்த பாரத்துக்கு எழுத்துக் கிடையாது. ஆதலாற் படியை விரைந்து திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். விரைவிலே பிழை தப்பும். தப்பிய பிழை நூலின் ஈற்றிலே பிழைதிருத்தமாகப் பட்டியலேறும். இத்துணைக்கும் செலவு யார் தலையில்? பெரும்பாலும் நூலைக் கொண்டுவந்தவர் தலையிலேயே. பிரபுக்கள் சிலர் கைகொடுப்பர். நூல் வெளிவருமுன்னே கையொப்பமிட்டுப் பணமனுப்புவார் சிலர் இருப்பர். எஞ்சியது பதிப்பித்தவரின் சொந்தப் பொருள்.

நாவலரிடம் சென்ற ஏடு

தொல்காப்பியம் தமிழுக்கு முதல் இலக்கணம். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனை முழுதுங் கற்றாரைக் காண்டல் அரிதாயிற்று. நன்னூலோடு இலக்கணக் கல்வி நின்றுவிட்டது. 1847 இல் மழவை மகாலிங்கையர் எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியருரையோடு அச்சிட்டார். அதனையடுத்த சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையோடு வெளியிடப் பிள்ளையவர்கள் துணிந்தார்.

இவ்விடத்தே பிள்ளையவர்களின் பண்பு விளங்குகின்றது. அவர் பட்டதாரி, உத்தியோகத்தர், ஏற்கெனவே நூல் பதிப்பித்தவர், அச்சுத் தொழில் அறிந்தவர். தம்முடைய பெயரை மட்டுமிட்டு அந்நூலை வெளியிட்டிருக்கலாம்; தடுப்பார் எவருமிலர். ஆயினும் சேனாவரையம் சிறு நூலன்று. வடமொழி இலக்கண நுட்பமும் தருக்கமும் செறிந்தது. அதனை ஆராயுந் தகுதி தம்மினும் மிக்கார் ஒருவர்க்கே உரியதென்று அவர் கண்டார். அவர்தாம் நல்லூர் ஆறுமுகநாவலரவர்கள்.

நாவலரவர்கள் அப்போது தமிழ்ப் பதிப்புலகில் நிகரற்று விளங்கினார். 1849 இல் தம் மாணாக்கர் சதாசிவபிள்ளையோடு சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையிலே அச்சுக்கூடம் நிறுவியவர். பாலபாடங்களையும் பெரியபுராண வசனத்தையும் சைவச் சிறார் கையிலே கொடுத்தவர். இராமநாதபுரம் பொன்னுச்சாமித்தேவரின் பொருளுதவியோடு திருக்கோவையாரையும் திருக்குறட் பரிமேலழகருரையையும் பிழையறப் பதிப்பித்தவர். இன்று பெரிய நிறுவனங்கள் பகுத்துச் செய்யும் வேலைகள் அனைத்தையும், பெருஞ் செல்வமோ பெருங் கூட்டமோ இன்றி, ஓர் ஆசிரியரும் அவர் மாணாக்கருமாகச் செய்த சிறிய அச்சுக்கூடம் அவருடையது. அங்கிருந்து ஒரு நூல் வெளிவந்ததென்றால் அதிற் பிழை தேடுவார் களைத்துப் போவர் என்பதே கற்றோர் மதிப்பு.

அத்தகைய நாவலரவர்களிடத்துச் சேனாவரைய ஏட்டை ஒப்புவித்துப் பரிசோதித்துத் தருமாறு பிள்ளையவர்கள் வேண்டினார். நாவலரவர்கள் பல படிகளையும் ஒப்புநோக்கிப் பரிசோதித்துக் கொடுக்க, 1868 இல் அந்நூல் வெளிவந்தது. பரிசோதித்தவர் நாவலர், பதிப்பித்தவர் தாமோதரம்பிள்ளை என இருவர் பணியும் முகப்பிலே வேறுவேறாகக் குறிக்கப்பட்டன. பிறர் உழைப்பைத் தமதாக்கிக்கொள்ளாமையும், தம் பொறுப்பைப் பிறர்மேற் சுமத்தாமையும் அம்முகப்பு ஒன்றினாலே புலனாகும்.

ஒருவன் தன் கைப்பிரதியைத் தன்னினும் வல்லார் ஒருவர் கையிலே கொடுத்து, திருத்துக என்று சொல்லி நிற்பது எளிய செயலன்று. அதற்குக் கல்வியினும் பார்க்க அடக்கம் வேண்டும். கொடுப்பதோடு அமையாது, அவர் திருத்தியதை மனமுவந்து ஏற்றலும் வேண்டும். பிள்ளையவர்களிடத்து இவ்விரண்டும் இருந்தன.

தனித்து நின்ற காலம்

நாவலரவர்கள் 1879 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சிவபதமெய்தினார். ஏடு பரிசோதிக்கும் பெருந்துணை பிள்ளையவர்களுக்கு இல்லாது போயிற்று. ஏட்டுக்கோ காத்திருத்தல் தெரியாது. ஆண்டுதோறும் ஓலைகள் ஒடிந்துகொண்டேயிருந்தன. தாம் தொட்ட ஏட்டின் ஓரம் உதிர்வதையும், கட்டவிழ்க்க இதழ் முறிவதையும் தம் பதிப்புரைகளிலே அவர் நெஞ்சுருக எழுதியுள்ளார். தகுதி மிக்கார் வரட்டும் என்று இருந்தால் வருவார்க்கு நூல் இராது என்பதை உணர்ந்து, இனித் தாமே பரிசோதித்துத் தாமே பதிப்பிப்பதென உறுதிகொண்டார்.

1881 இல் வீரசோழியம் வெளிவந்தது. 1883 இல் கச்சியப்ப முனிவரின் தணிகைப்புராணமும் இறையனார் அகப்பொருளும் வந்தன. 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரம் வந்தது. 1887 இல் கலித்தொகையும், 1889 இல் இலக்கணவிளக்கமும் சூளாமணியும் வந்தன. 1891 இல் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தையும் 1892 இல் சொல்லதிகாரத்தையும் நச்சினார்க்கினியருரையோடு வெளியிட்டார். 1868 இலே தொடங்கிய தொல்காப்பியப் பணி இருபத்துநான்கு ஆண்டு நடந்து நிறைவெய்தியது.

இவற்றுள் இரண்டு நூல்களைச் சிறப்பாக எடுத்துக் கூறல் வேண்டும். பொருளதிகாரம் பழந்தமிழர் வாழ்வுக்கு இலக்கணம் வகுத்தது. அதனுரையிலே மேற்கோளாக வரும் செய்யுட்கள், சங்கத்துச் சான்றோர் நூல்கள் எத்துணைப் பரந்து கிடந்தன என்பதை உலகுக்கு அறிவித்தன. கலித்தொகையோ எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதலாக முழுமையாய் அச்சேறியது. சங்க இலக்கியம் என்னும் புதையலின் கதவு இவ்விரு நூல்களாலும் திறந்தது எனின் மிகையாகாது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. பிள்ளையவர்கள் கிறித்துவச் சூழலிலே கல்வி பயின்று பின்னர்ச் சைவத்திற் சேர்ந்து, சைவ மகத்துவம் என்னும் நூலும் இயற்றியவர். ஆயினும் வீரசோழியம் செய்த புத்தமித்திரர் பௌத்தர். சூளாமணி செய்த தோலாமொழித்தேவர் சமணர். நூல் எச்சமயத்தார் செய்ததாயினும் தமிழ் நூல் தமிழ் நூலே என்று கொண்டு, சைவ நூலுக்குச் செய்த அதே உழைப்பை அவற்றிற்குஞ் செய்தார்.

கும்பகோணத்திலும் புதுக்கோட்டையிலும்

கணக்குப் பகுதி உத்தியோகத்தினின்று இளைப்பாறியபின் பிள்ளையவர்கள் கும்பகோணத்திலே வழக்கறிஞராக அமர்ந்தார். அந்நகரத்து அரசினர் கல்லூரியிலே உ. வே. சாமிநாதையரவர்கள் அப்போது தமிழாசிரியராக இருந்தார். மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையவர்களிடம் கற்ற ஐயரவர்கள் சீவகசிந்தாமணி ஏடுகளைத் திரட்டி ஆராய்ந்துகொண்டிருந்தார். அதனைத் தாமே பதிப்பிக்க விரும்பிய பிள்ளையவர்கள் ஐயரவர்களிடம் அப்படியைத் தருமாறு கேட்டார். வயதிலும் நிலையிலும் மூத்த ஒருவர் கேட்க, இளைய ஆசிரியராகிய ஐயரவர்கள் பெரிதும் இடர்ப்பட்டார். ஈற்றிலே தாம் உழைத்த நூலைத் தாமே வெளியிடுவதென்று துணிந்து கொடாது விட்டார்.

இந்நிகழ்ச்சியைக் கேட்டவர் சிலர் ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்துவர். அது வேண்டாத வேலை. பழுத்த அனுபவமுடைய ஒருவர், ஓர் அரிய நூல் விரைவில் வெளிவருதல் வேண்டுமென்று ஆசைப்பட்டார். தன் கையால் உழைத்த ஒருவர், அவ்வுழைப்பின் பயனைத் தன் கையாலேயே தர ஆசைப்பட்டார். இரண்டும் நல்லாசையே. 1887 ஆம் ஆண்டிலே சிந்தாமணி ஐயரவர்கள் பெயராலும் கலித்தொகை பிள்ளையவர்கள் பெயராலும் வெளிவந்தன. ஒரே ஆண்டிலே இரண்டு பெருநூல்கள் தமிழுக்குக் கிடைத்தமையே இங்கு நாம் போற்ற வேண்டுவது. அதன்பின் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் ஐயரவர்களால் வெளியாயின. பிள்ளையவர்கள் வெட்டிய பாதையிலே ஐயரவர்கள் நெடுந்தூரம் நடந்தார் எனல் இருவர்க்கும் பெருமை தருவதாம்.

1887 முதல் 1890 வரை பிள்ளையவர்கள் புதுக்கோட்டைச் சமத்தானத்திலே நீதிபதியாக விளங்கினார். நீதிமன்றத்து அலுவலின் நடுவிலும் இலக்கணவிளக்கத்தையும் சூளாமணியையும் அவர் அச்சேற்றினார் என்பது வியக்கத்தக்கது. அரசாங்கம் 1895 இல் இராவ்பகதூர்ப் பட்டமளித்து அவரைச் சிறப்பித்தது.

சென்னையில் வாழ்ந்தும் பிறந்த நாட்டை அவர் மறந்தாரல்லர். 1876 இல் ஏழாலையிலே சைவ வித்தியாசாலை ஒன்றை நிறுவினார். சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரவர்கள் அங்கே ஆசிரியராயிருந்தவர். வித்தியாசாலை நிறுவுதலும் ஏடு பதிப்பித்தலும் பிள்ளையவர்களுக்கு வெவ்வேறு பணிகளாகத் தோன்றவில்லை. படிப்பாரை உண்டாக்காமல் புத்தகத்தை மட்டும் உண்டாக்கிப் பயனில்லை என்பது அவர் கருத்தாதல் வேண்டும். அவர் மைந்தருள் ஒருவராகிய அழகசுந்தரம், பிரான்சிசு கிங்ஸ்பெரி என்னும் பெயரோடு, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலே தமிழ் விரிவுரையாளராக விளங்கினார்.

1901 ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாம் நாள் பிள்ளையவர்கள் சென்னையிலே இவ்வுலக வாழ்வை நீத்தார். புதிய நூற்றாண்டு பிறந்த அன்றே பழைய நூல்களைக் காத்த பெருமகன் மறைந்தார். புலவர் பலர் இரங்கற்பா பாடினர். அவருள் சாமிநாதையரவர்களும் ஒருவர்.

குறையும் நிறையும்

பிள்ளையவர்களின் பதிப்புக்கள் குற்றமற்றன என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். பொருளதிகாரம் முழுவதற்கும் நச்சினார்க்கினியரே உரைகாரர் என்று கொண்டு அவர் 1885 இல் வெளியிட்டார். அதனுள் ஈற்றியல்களிலே பேராசிரியருரை கலந்திருத்தலைப் பின்னர் ரா. இராகவையங்கார் ஆராய்ந்து காட்டினார். சில இடங்களிலே பாடம் பிழைபட்டிருத்தலையும் பின்வந்தோர் திருத்தினர்.

ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. அந்நூல் அச்சேறியிராவிட்டால் இராகவையங்கார் எதனை ஆராய்ந்திருப்பார்? ஏட்டிலே கிடக்கும் பிழை ஒருவர் கண்ணுக்கே தெரியும். அச்சிலே வந்த பிழை ஆயிரம் பேர் கண்ணுக்குத் தெரியும். ஆயிரவருள் ஒருவர் அதனைத் திருத்துவார். குற்றமின்றி வெளியிடுவேன் என்று காத்திருந்து நூலையே இழப்பதினும், இயன்ற அளவு ஆராய்ந்து, எந்த ஏடு யாரிடம் பெற்றது, எவ்விடம் விளங்கவில்லை என்று முன்னுரையிலே வெளிப்படக் கூறி, நூலை உலகின் முன் வைப்பதே நேரிய வழியென்று பிள்ளையவர்கள் கண்டார். தம் காலத்திலே பிறர் கூறிய குறைகளை அவர் அறியாதவரல்லர். சில முன்னுரைகளில் அவற்றுக்கு விடையுங் கூறியுள்ளார். வசை கேட்டும் வேலையை நிறுத்தவில்லை என்பதே அவர் வரலாற்றின் உயிர்நிலை.

வன்னிக்கு அவ்வரலாறு கூறுவது

இனி, இவ்வரலாற்றினால் நாம் அறியவேண்டுவது யாது என்று நோக்குவாம்.

நம் வன்னி நாடு பாட்டும் கூத்தும் நிறைந்த நாடு. வயலிலே அரிவு வெட்டும்போது பாடிய பாட்டு, சூடடிக்கும்போது பாடிய பாட்டு, வைகாசியிலே வட்டாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலையொட்டி எடுத்துரைக்கப்படும் கதை, முள்ளியவளைக் கோவலன் கூத்து என்பன நம் முன்னோர் தேடி வைத்த தேட்டம். இவற்றிற் சில அச்சேறின. பல, அண்ணாவிமாரின் கொப்பிகளிலும் முதியோர் நினைவிலுமே இருந்தன. போர் வந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும் எரியூட்டப்பட்டது. வன்னி மக்களோ ஊர் ஊராகப் பெயர்ந்து, 2009 இன் முற்பகுதியிலே கிளிநொச்சியினின்று முல்லைத்தீவுக் கடற்கரை வரை உடுத்த உடையோடு நடந்தனர். பிள்ளையைத் தூக்குவதா பெட்டியைத் தூக்குவதா என்ற நிலையிலே கொப்பியை யார் தூக்குவார்? செல்லும் பூச்சியும் நூறாண்டிலே செய்வதைப் போர் சில கிழமைகளிலே செய்து முடித்தது.

அவ்வழிவுக்குப் பின்னரும் எஞ்சியவை உள. பாட்டு மறவாத பாட்டிமார் உளர். மீண்டும் எழுதி வைத்த கொப்பிகள் உள. தாம் எழுதிய கவிதையையும் கதையையும் ஊர் வரலாற்றையும் அச்சிடும் வகை அறியாது பெட்டியிலே வைத்திருக்கும் பழைய மாணவரும் உளர். அவர்க்கெல்லாம் பிள்ளையவர்களின் வாழ்க்கை ஓர் ஒழுங்கைக் காட்டுகின்றது.

முதலாவது, கைப்பிரதி ஒன்றோடு அமையற்க. ஒரு பாட்டுக்கு இரு ஊரிலே இரு பாடம் வழங்குமாயின் இரண்டையும் திரட்டுக. சொன்னவர் பெயரையும் ஊரையும் குறித்து வைக்க. 

இரண்டாவது, அச்சுக்கூடத்துக்குச் செல்லுமுன் கற்றார் ஒருவரிடஞ் செல்க. சேனாவரையத்தை நாவலரிடம் கொடுத்தது போல, உம் ஏட்டையும் ஒருவரிடம் கொடுத்துத் திருத்துமாறு கேளுங்கள். வாழ்த்துரை பெறுதற்காகக் கொடுத்தல் வேறு. திருத்தம் பெறுதற்காகக் கொடுத்தல் வேறு. இந்நாளிலே முகமன் உரைகள் பல பக்கம் நிரம்பியும், உள்ளே எழுத்துப்பிழை மலிந்தும் வெளிவரும் நூல்களைக் காண்கின்றோம். முகமன் குறையினும் குற்றமில்லை. பிழை குறைய வேண்டும்.

மூன்றாவது, செலவை முன்னரே எண்ணுக. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கொழும்பிலும் உள்ள சிறிய பதிப்பகத்தாரும் அச்சகத்தாரும் பெருமுதல் உடையோரல்லர். எத்தனை படி, என்ன காகிதம், படி திருத்துவார் யார், விற்பனை யார் பொறுப்பு, விலைபோகாத படிகள் எங்கே தங்கும் என்பவற்றை வாய்ப்பேச்சில் விடாது எழுத்தில் வைத்துக்கொள்ளுதல் இருபாலார்க்கும் நன்று. கையொப்பஞ் சேர்க்கும் பழைய வழக்கத்தைப் பழைய மாணவர் சங்கங்கள் மீண்டும் உயிர்ப்பிக்கலாம். நூறு பேர் முன்கூட்டிப் பணங் கொடுப்பின் ஒரு நூல் அச்சேறும். வெளிநாடுகளிலே வாழும் நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இஃது அரிய செயலன்று.

நான்காவது, வெளிவந்த நூலைப் பல இடத்திலே வைத்துக் காக்க. ஓரிடத்தில் இருந்த நூல் ஓரிரவிலே அழியும் என்பதை 1981 நமக்குக் கற்பித்தது. பாடசாலை நூலகத்துக்கு ஒரு படி, பொது நூலகத்துக்கு ஒரு படி, தேசிய நூலகத்துக்கு ஒரு படி கொடுக்க. 2005 இலே தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையவழியே எவரும் படிக்கத் தருகின்றது. அங்கும் ஒரு படி சேர்ப்பிக்க. அங்கே செல் அரிக்காது.

முடிவுரை

பிள்ளையவர்கள் பதவியினாற் பெற்ற பெருமையை இன்று நினைப்பார் இலர். அவர் சரிபார்த்த கணக்குப் புத்தகங்கள் எங்கே என்று எவரும் கேளார். அவர் எழுதிய தீர்ப்புக்களையும் உலகம் மறந்துவிட்டது. உத்தியோகம் ஒழிந்த நேரத்திலே, கைப்பொருளைச் செலவிட்டு, ஓலைக்கு மேல் ஓலையாக அவர் ஒப்புநோக்கிய எழுத்துக்களே நின்று நிலவுகின்றன. கலித்தொகையைக் கையிலெடுக்கும் ஒவ்வொரு மாணவனும் சிறுப்பிட்டியார் ஒருவருக்குக் கடன்பட்டவனாகின்றான்.

அக்கடனைத் தீர்க்க வழி ஒன்றே உளது. நம் ஊரிலே, நம் வீட்டிலே, அச்சேறாது கிடக்கும் ஏடு ஒன்றைத் தேடி எடுத்து, தக்கார் ஒருவரிடங் காட்டி, பிழை களைந்து, அச்சுக்கூடம் கொண்டு சேர்த்தலே அவ்வழி. இக்கல்லூரியிலே படித்தோரும் படிப்போரும் கற்பிப்போரும் ஒருங்கு கூடினால், இம்மலர் ஒன்று மாத்திரமன்றி, ஆண்டுக்கொரு வன்னி நூலையும் வெளிக்கொணரலாம். அதுவே தாமோதரம்பிள்ளையவர்களுக்கு நாம் எடுக்கும் விழா. அவர் புகழ் வாழ்க! தமிழ் வாழ்க!